35 குதிரை எதற்கு, சுவா சாலையில்?

பந்தயத் தடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் ஒரு தொல்லை உண்டு. 1999-இல் செப்பாங் தடம் திறந்ததிலிருந்து, சுவா வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மோட்டார் என்றாலே அந்தத் தடத்தில் பறப்பதுதான். தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. அங்கே எதிரில் செம்பனை லோரி வராது, நாய் குறுக்கே ஓடாது, மழைக்குப் பிறகு செம்மண் சேறு வழிந்து கிடக்காது. சுவாவிலிருந்து லுக்குட் போகும் சாலை எப்படி என்பது உங்களுக்கே தெரியும்.

அண்மையில் தோட்டத்துத் தம்பி ஒருவன் வந்தான். "அண்ணே, பழசுல ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு ஹோண்டா சிபிஆர்250ஆர், இன்னொண்ணு யமாஹா ஆர்25. எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். கேட்கும்போதே யமாஹா பக்கம் சாய்ந்துவிட்டான் என்று தெரிந்தது. கடனுக்கு ஜாமீன் போடப் போவது அவன் அம்மா. பி2 உரிமத்துக்கு 250 சிசி வரை இடம் உண்டு என்பதால் இரண்டுமே அவன் ஓட்டக்கூடியவைதான்.

அவன் கைப்பேசியில் காட்டிய கணக்கு சரியானதே. யமாஹாவின் உச்சத் திறன் ஏறத்தாழ 35 குதிரை, ஹோண்டாவுக்கு 26. ஆனால் அதே பக்கத்தில் இன்னும் இரண்டு வரி கீழே இருந்ததை அவன் பார்க்கவில்லை. முறுக்கு விசை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், 23 நியூட்டன் மீட்டரை ஒட்டி. ஹோண்டா அதை 7,000 சுழற்சியிலேயே கொடுத்துவிடும். யமாஹாவுக்கு 10,000 சுழற்சி வேண்டும்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சக்கரத்தைத் திருகித் தள்ளுவது முறுக்கு விசை. அதை ஒரு நிமிடத்தில் எத்தனை முறை செய்கிறது என்பதையும் சேர்த்துப் பெருக்கினால் கிடைப்பது குதிரைத்திறன். யமாஹாவில் சிறிய உருளைகள் இரண்டு. மேலும் கீழும் போகும் தூரம் குறைவு, அதனால் வெகுவேகமாகச் சுழலலாம். 12,000 சுழற்சிக்குப் போனால்தான் அந்த 35 குதிரையும் வெளியே வரும். ஹோண்டாவில் பெரிய உருளை ஒன்றே ஒன்று. அது சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். ஆனால் 7,000 சுழற்சியிலேயே ஏறத்தாழ 23 குதிரையைக் கையில் கொடுத்துவிடும்.

"கியரைக் குறைத்தால் யமாஹாவும் இழுக்குமே?" என்று நீங்கள் கேட்கலாம். இழுக்கும். பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு, தோட்டத்து மேட்டில், ஈர மண்ணில், ஒவ்வொரு முறையும் கியரைக் குறைத்து என்ஜினை அலறவிட உங்களுக்குச் சம்மதம் என்றால் சரி. தினமும் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போய் வருபவருக்கு யமாஹாவே நல்லது. இரட்டை உருளையில் அதிர்வு குறைவு, கை மரத்துப் போகாது. அந்தத் தம்பி போவதோ லுக்குட் வரை. அவனுக்கு நான் ஹோண்டா என்றேன். அவன் முகம் வாடியது. அப்பாவின் பழைய கப்சாயில் கற்றுக்கொண்ட நான் பேசினால் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய கேள்வியை அவன் கேட்கவே இல்லை: நிற்குமா?

மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். லோரி திரும்புவதைக் கண் பார்த்து, விரல் பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி என்று வைத்தாலும் 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தால் மேலும் ஏறத்தாழ 45 மீட்டர் ஓடித்தான் நிற்கும். மழையில் அது 70 மீட்டரை நெருங்கும். வேகம் 60 ஆக இருந்திருந்தால், காய்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின் வேண்டியது 20 மீட்டர்தான். வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. இந்தக் கணக்கில் குதிரைத்திறனுக்கு இடமே இல்லை.

பதற்றத்தில் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் திரும்பாது, மோட்டார் சாய்ந்துவிடும். ஏபிஎஸ் அந்தப் பூட்டை நொடிக்குப் பலமுறை தளர்த்திப் பிடிக்கிறது. உதிரி மண்ணில் நிற்கும் தூரம் கொஞ்சம் கூடலாம். ஆனால் விழாமல் காப்பாற்றும். 2025 ஜனவரி 1 முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு நம் நாட்டில் அது கட்டாயம். பழைய மோட்டாருக்கு அந்தச் சட்டம் உதவாது. நம் சாலைகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மோட்டாரோட்டிகள் என்பதை நினைத்தால், அந்தத் தம்பியின் இரண்டு மோட்டார்களில் எதில் ஏபிஎஸ் இருக்கிறதோ அதுதான் என் தேர்வு, அது யமாஹாவாக இருந்தாலும்.

வாங்கப் போகிறவர்கள் குனிந்து பாருங்கள். முன்சக்கரத் தட்டுக்கு அருகே துளைகள் வரிசையாக உள்ள சிறிய வளையமும், அதை ஒட்டி ஓர் ஒயரும் இருந்தால் ஏபிஎஸ் இருக்கிறது. சாவியைத் திருப்பும்போது அதன் விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் இறுகிப்போன பழைய ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. அதை மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள், கடை வாசலில் அல்ல, ஒரு மேட்டில். மூன்றாம் கியர், 40 கிலோமீட்டர், பின்னால் ஓர் ஆள்.