யாழ்ப்பாணத்தில் வனவியல் கற்பிக்க வேண்டும்

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைக் கரையோரத்தில் 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை கண்டல் நடப்பட்டது. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். ஆராய்ந்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பணமும் நல்லெண்ணமும் இருந்தன. ஆனால் நீர் எதுவரை ஏறுகிறது, சேறு எவ்வளவு நேரம் மூழ்கிக் கிடக்கிறது என்று பார்க்காமல், நீண்ட காயைப் பிடுங்கி ஊன்றிவிடலாம் என்பதற்காக ஒரே இனத்தையே பெரும்பாலும் நட்டார்கள்; நட்டபின் பராமரிப்பும் இல்லை. கோடையில் உப்பேறி மாரியில் நன்னீர் பரவும் எங்கள் கடல்நீரேரியில் இந்தத் தவறு இன்னும் வேகமாகக் கன்றைக் கொல்லும். இங்கே குறைவது களத்தில் நின்று அளந்து, நட்டு, காக்கத் தெரிந்த இடைநிலைத் தொழில்நுட்பவியலாளர்கள். அவர்களை உருவாக்க வேண்டியது யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரி. நுவரெலியாவிலும் கிரித்தலையிலும் வன, வனசீவராசிகள் திணைக்களங்களின் பயிற்சி நிலையங்கள் உண்டு. ஆனால் மலைநாட்டுக் காட்டையும் யானைக் காட்டையும் சுற்றி வளரும் பயிற்சி, பனங்கூடலுக்கும் மணற்காட்டுச் சவுக்குக்கும் போதாது.

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே என்று கேட்கலாம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமானது, 2015இல் தேசிய பூங்காவானது. நெடுந்தீவிலும் அதே ஆண்டு ஒரு தேசிய பூங்கா வந்தது. அங்கே வரட்சியில் தண்ணீருக்குத் தவிக்கும் குதிரைகளை எப்படிக் காப்பது என்பதே ஒரு தவணைக்கான பாடம்.

இதைவிடக் கனமான மறுப்பு வன்னியிலிருந்து வருகிறது. போர் முடிந்து மீளக் குடியேறியவர்கள் பலர், தங்கள் வயல் வர்த்தமானியில் காடாகியிருப்பதைக் கண்டார்கள். அந்தத் திணைக்களங்களுக்கு எங்கள் பிள்ளைகளே ஆள் சேர்ப்பதா என்ற கோபம் நியாயமானது. ஆனால் எல்லைத் தகராறில் மக்களுக்குத் தேவை சான்று. கைவிட்ட வயலில் முதலில் எழுவது பற்றை. வீரையும் பாலையும் ஓங்கி நிற்கப் பல தலைமுறை செல்லும். பற்றைக்குள் புதைந்த வரம்பையும் தூர்ந்த கிணற்றையும் அடையாளங்கண்டு, இது முன்பு வயல் என்று அறிக்கை எழுதக்கூடிய, அந்த ஊர்த் தமிழ் பேசும் உத்தியோகத்தர் இருந்தால், உண்மையான காட்டையும் காக்கலாம், உரியவரின் காணியையும் மீட்கலாம். அத்தகையவர் இல்லாத வரை முடிவுகள் வரைபடத்தை மட்டும் பார்த்தே எடுக்கப்படும்.

வேலைவாய்ப்பு குறைவு என்பதும் உண்மை. அரச வெற்றிடங்களை மட்டும் நம்பி இந்தப் பாடநெறியைத் தொடங்கக்கூடாது. பிரதேச சபைகளின் மரநடுகை, பனைசார் தொழில், பறவை பார்க்க வருவோருக்கான வழிகாட்டல் ஆகியவற்றையும் சேர்த்தே பாடத்திட்டம் அமைய வேண்டும். கிளிநொச்சியில் விவசாய பீடமும் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவகமும் இருப்பதால், விரிவுரையாளர்களை எங்கிருந்தோ தேட வேண்டியதில்லை. சிறிய தொகுதி மாணவர்களோடு, பாதிக்கு மேல் களப்பயிற்சியாகத் தொடங்க மாகாண நிர்வாகம் இப்போதே கோரிக்கை வைக்க வேண்டும்.