சொந்த முகத்தை விலை கொடுத்து மீட்பதா?

ஒரு கற்பனைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். திருப்பூரிலிருந்து ஒரு புது ஜோடி 3 நாள் தேனிலவுக்கு ஊட்டி கிளம்புகிறது. பஸ் ஏறுவதற்கு முன்பே இன்ஸ்டாகிராமில் ஒரு போட்டோகிராபரைப் பிடித்து, "கப்பிள் ஷூட், 2 மணி நேரம், 5,000 ரூபாய்" என்று பேசி, 1,000 ரூபாய் முன்பணமும் அனுப்பியாகிவிட்டது. அதிகாலைப் பனியில் தேயிலைத் தோட்டம், பிறகு பைன் மரங்கள், பிறகு ஏரிக்கரை. சுமார் 400 கிளிக். எடுத்தவர் நல்ல திறமைசாலி. ஜோடிக்கும் ஏக சந்தோஷம். மீதி 4,000 ரூபாயையும் அங்கேயே கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள் வாட்ஸப்பில் செய்தி வருகிறது. 5,000 ரூபாய்க்கு எடிட் செய்த படங்கள் 15 மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு படத்துக்கும் 200 ரூபாய். எடிட் செய்யாத படங்கள் தரப்படாது. ஜிஎஸ்டி தனி. கூடவே ஒரு மூலையில் சின்னதாகத் தண்ணீர்க்குறி போட்ட 60 மாதிரிப் படங்கள், "செலக்ட் பண்ணிக்கோங்க சார்" என்ற வரியோடு...

40 படங்களை விட மனசு வரவில்லை. கூடுதல் 25 படத்துக்கு 5,000. மொத்தம் 10,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,800. ஆக 5,000 ரூபாய்க்குப் பேசிய வேலை 11,800 ரூபாயில் வந்து நிற்கிறது!

இது ஏதோ ஒருவர் செய்த ஏமாற்று வேலை என்று ஒதுக்க முடியாது. சுற்றுலாத் தலங்களில் முன்பதிவு செய்யும் போட்டோ ஷூட்டுகளில் இது ஒரு விற்பனை முறையாகவே ஆகிவிட்டது. கப்பலில், கேளிக்கைப் பூங்காவில், ரிசார்ட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், "ஷூட் இலவசம், பிடித்த படத்துக்கு மட்டும் பணம்" என்கிறார்கள். இலவசம் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு உடனே வரும் பதில் ஒன்று உண்டு. "எல்லார் பாக்கெட்டிலும் போன் இருக்கிறது. பணம் கொடுத்து போட்டோகிராபர் வைப்பதே திமிர். நன்றாக அனுபவிக்கட்டும்." இந்தப் பதில் தவறு. போட்டோகிராபர் வைப்பதில் ஒரு தப்பும் இல்லை. எந்தக் குடும்பத்தின் சுற்றுலா ஆல்பத்தை வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். அதில் ஒருவர் இருக்க மாட்டார். படம் எடுத்தவர்! சில வீடுகளில் அப்பா, சில வீடுகளில் அம்மா. கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் குழந்தைகள் இருப்பார்கள், தாத்தா பாட்டி இருப்பார்கள், அம்மா வந்ததற்கு ஒரே அத்தாட்சி ஓரத்தில் விழுந்த நிழல்தான். வழிப்போக்கரிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால் பாதிப் பேருக்குத் தலை இருக்காது. ஒரு மணி நேரம் ஒரு தொழில்காரரை வைத்து எல்லாரும் ஒன்றாக நிற்கும் 4 படம் எடுத்துக்கொள்வது ஊதாரித்தனம் ஆகாது. ஆகவே கேள்வி ஷூட் வேண்டுமா வேண்டாமா என்பதில் இல்லை. விலை எப்போது சொல்லப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

தையல்காரரிடம் துணி கொடுக்கும்போதே கூலி பேசிவிடுகிறோமா இல்லையா? தீபாவளிக்கு முதல் நாள் சட்டை வாங்கப் போனால், "தையல் கூலி மட்டும்தான் பேசினோம், பட்டன் ஒவ்வொன்றும் 50 ரூபாய், காலர் தனி" என்று சொன்னால் அந்தத் தெருவே கூடிவிடும். போட்டோ விஷயத்தில் மட்டும் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். ஏன்?

பொருளாதாரத்தில் இதற்கு நேரான விளக்கம் இருக்கிறது. ஷூட்டுக்கு முதல் நாள் வரை ஊட்டியில் போட்டோகிராபர்கள் எத்தனையோ பேர். ஒருவர் அதிகம் கேட்டால் அடுத்தவரிடம் போகலாம். அதாவது போட்டிச் சந்தை. முதல் கிளிக் விழுந்த நொடியில் அந்தச் சந்தை செத்துவிடுகிறது. அந்தக் காலைப் பனி, அந்தச் சிரிப்பு, பாட்டி பேத்தியின் தோளில் கை போட்ட அந்தக் கணம், எல்லாம் இப்போது ஒரே ஒருவருடைய மெமரி கார்டில் மட்டும் இருக்கிறது. அதை வேறு யாரிடமும் வாங்க முடியாது. இதற்குப் பெயர் ஏகபோகம். ஏகபோகத்தில் விலையைத் தீர்மானிப்பது செலவு அல்ல, வாங்குபவரின் ஏக்கம். பிணைக்கைதியை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவனுக்கும் இதே கணக்குதான்.

"படத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது காலங்காலமாக இருப்பதுதானே?" என்று கேட்கலாம். இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். ரோலுக்குக் காசு, கழுவுவதற்குக் காசு, பிரிண்டுக்குக் காசு. ஒவ்வொரு கூடுதல் படமும் போட்டோகிராபரின் கையைக் கடித்தது. மாமல்லபுரத்திலும் தாஜ்மஹாலிலும் கழுத்தில் கேமராவோடு நின்றவர்கள் மாதிரி ஆல்பத்தைக் காட்டி, "இந்த சைஸ் பிரிண்ட் இவ்வளவு" என்று முதலிலேயே பேசி, முன்பணம் வாங்கி, முகவரி எழுதிக்கொண்டு தபாலில் அனுப்பி வைத்தார்கள். கையில் வருவதற்கு முன்பே இருதரப்புக்கும் விலை தெரிந்திருந்தது.

இன்று 16-வது படத்தின் கோப்பை அனுப்ப ஆகும் கூடுதல் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். எடிட்டிங் உழைப்பு இருக்கிறது, வாஸ்தவம். ஒரு படத்தைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த உழைப்புக்கு நல்ல கூலி கேட்கட்டும். ஆனால் அது எவ்வளவு என்பது ஷூட்டுக்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருந்து, வாங்குபவர் வேறு வழியில்லாமல் நிற்கும்போது சொல்வதுதான் பிரச்சினை.

இதில் வாடிக்கையாளர் மட்டும் நஷ்டப்படுவதாக நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். நேர்மையான போட்டோகிராபர்தான் முதலில் அடிபடுகிறார். அவர் "9,000 ரூபாய், 2 மணி நேரம், எடிட் செய்த 40 படம், வேறு எதுவும் இல்லை" என்று முழு விலையையும் சொல்கிறார். பக்கத்தில் இன்னொருவர் "வெறும் 5,000" என்கிறார். பயணம் போகிறவர் யாரைத் தேர்ந்தெடுப்பார்? ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் நல்ல சரக்கு மெல்ல வெளியேறும், மட்டமான சரக்கு தங்கிவிடும். 2001-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருடைய இந்த ஆராய்ச்சிதான் முன்னால் நின்றது. கார் மட்டும் இல்லை, கேமராவும் இதற்குள் வரும். சுற்றுலாத் தலத்தில் இது இன்னும் மோசம். உள்ளூர் ஸ்டுடியோக்காரர் அடுத்த கல்யாணத்துக்கும் அதே குடும்பத்திடம் வரவேண்டும், அதனால் பெயரைக் காப்பாற்றிக்கொள்வார். சுற்றுலா வந்தவரை மறுபடி பார்க்கப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(b)-இன்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து, எடுக்கப்படும் புகைப்படத்தின் முதல் பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே. வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால்தான் மாறும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக இது தலைகீழ், அங்கே எடுத்தவருக்கே உரிமை. பிரிட்டன்கூட 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85-வது பிரிவில், சொந்த வீட்டு உபயோகத்துக்காகச் சொல்லி எடுக்கவைத்த படங்களை அவர்கள் சம்மதமில்லாமல் பொதுவில் காட்டக்கூடாது என்று தடுத்திருக்கிறது.

அப்படியானால், ஊட்டியில் எடுத்த ஜோடியின் படத்தைக் கேட்காமலேயே தன் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டுக்கொள்வது? எதிரான ஒப்பந்தம் ஏதும் இல்லாவிட்டால், அடுத்தவர் சொத்தை எடுத்துக் கடை விரிப்பதுதான் அது. தேனிலவுப் படத்தை மாமனாருக்கு முன்னால் ஊரே பார்த்து 'லைக்' போட்டிருக்கும் கொடுமை வேறு.

ஆனால் ஒரு நுணுக்கம். உரிமை வேறு, கோப்பு கையில் இருப்பது வேறு. சட்டம் உரிமையை ஜோடியிடம் கொடுக்கிறது. கோப்பு போட்டோகிராபரின் கார்டில் இருக்கிறது. வீட்டுப் பத்திரம் பெயரில் இருந்தும் சாவி அடுத்தவரிடம் இருக்கிற மாதிரி. அதனால்தான் பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன், கேமரா உறையிலிருந்து வெளியே வருவதற்கு முன், சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். வக்கீல் வேண்டாம், வாட்ஸப் செய்தியே போதும்.

1. மொத்தத் தொகை எவ்வளவு? வரி, உடை வாடகை, நுழைவுக் கட்டணம், வண்டி எல்லாம் அதில் அடக்கமா?

2. எடிட் செய்த படங்கள் எத்தனை, எந்தத் தேதிக்குள்? கூடுதல் படம் வேண்டுமென்றால் என்ன விலை?

3. எடிட் செய்யாத படங்கள் கிடைக்குமா?

4. படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவாரா? குழந்தைகள் படம் என்றால் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

5. மழை வந்தால் முன்பணம் என்ன ஆகும்? மலையில் மழை கேட்டுக்கொண்டு வராது.

6. இடத்துக்கு அனுமதி யார் வாங்குவது? தேயிலைத் தோட்டம் தனியார் சொத்து. பைன் மரங்கள் நிற்பது வனத்துறை நிலமாக இருக்கலாம். தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் ட்ரைபாட் வைப்பதற்கே முன் அனுமதி வேண்டும்.

ஜிஎஸ்டி கேட்டால் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு தொழில்காரர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் பணம் வாங்கக்கூடாது. எண் இல்லாமல் கேட்கும் 1,800 ரூபாய் அரசுக்குப் போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாந்தால்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். மணாலியில் நடந்த ஷூட்டுக்குத் திருப்பூரிலேயே வழக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற உதவி எண் இருக்கிறது. இணையத்தில் முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுத் துளித்துளியாக ஏற்றுவதை மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே பட்டியலிட்டுவிட்டன.

போட்டோகிராபர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. "400 படத்தையும் கொடுத்தால் கண் மூடிய படத்தை எல்லாம் போட்டு என் பெயரைக் கெடுப்பார்கள்" என்பார்கள். உண்மைதான். சமையல்காரர் பாதி வெந்த சோற்றைப் பரிமாற மாட்டார். எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 40 தான் தருவேன் என்றால் 40 என்று முதலில் சொல்லிவிட்டால் முடிந்தது. "கலைக்கு விலை பேசுவதா" என்று கோபப்படுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்கலாம். கலைக்கு விலை வைப்பதை யாரும் குறை சொல்லவில்லை. 9,000 என்ன, 20,000 கூடக் கேட்கட்டும். கட்டுபடியானவர் கொடுப்பார், ஆகாதவர் போனிலேயே எடுத்துக்கொள்வார். முன்னால் சொன்ன விலை கூலி. பின்னால் சொன்ன விலை மீட்புத்தொகை.

இன்னும் 20 வருடம் கழித்து அந்த ஊட்டிப் பயணத்தில் என்ன சாப்பிட்டார்கள், எந்த லாட்ஜில் தங்கினார்கள் என்பது எதுவும் ஞாபகம் இருக்காது. பாட்டியும் இருக்கமாட்டார். பேத்தியின் தோளில் கை போட்டு நிற்கும் அந்த ஒரு படம் இருக்கும். 200 ரூபாய் கூடுதல் என்று சொன்னதால் வாங்காமல் விட்டிருந்தால் அதுவும் இருக்காது. போட்டோகிராபரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்து, என்றோ ஒரு நாள் இடம் போதவில்லை என்று அழிந்திருக்கும்.

ஆகவே ஊட்டியோ, கொடைக்கானலோ, காஷ்மீரோ, போட்டோகிராபரைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். பேச வேண்டியதை முதல் கிளிக்குக்கு முன்பே பேசிவிடட்டும்.