குடும்பப்பெயர் சாட்சி சொல்லாது

இங்கிலாந்தில் குடியேறியவர்களைப் பார்த்து “உங்கட ஊருக்குப் போங்கோ” எண்டு கத்துகிறவர்கள் அடிக்கடி காட்டும் அத்தாட்சி குடும்பப்பெயர்தான். பழைய ஆங்கிலப் பெயர் இருந்தால் கலப்பில்லாத ஆங்கில இரத்தமாம். சும்மா கதை.

யோர்க்‌ஷயரின் கிழக்கில் ஓர் அபூர்வக் குடும்பப்பெயர் இருக்கிறது. 2007இல் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது பெயரை மறைத்து, ஆர் என்ற முதலெழுத்தை மட்டும் போட்டார்கள். அந்தப் பெயருள்ள 18 ஆண்களைச் சோதித்தார்கள். 7 பேரிடம் இருந்தது ஏ1 வகை வை நிறமூர்த்தம். அதுவரை மேற்கு ஆபிரிக்கரிடமும் அவர்களின் வழிவந்தவர்களிடமும் மட்டுமே கண்ட வகை அது. முதலில் அகப்பட்டவருக்கு ஆபிரிக்கத் தொடர்பு பற்றி ஒன்றுமே தெரியாது. பதிவேடுகளைக் கிளறினால் இரண்டு கிளைகள், இரண்டும் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் யோர்க்‌ஷயரில் போய் நிற்கின்றன. அதற்குச் சில தலைமுறை முன்னர் இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஆபிரிக்கர் எப்போது வந்தார்? அடிமை வியாபாரக் காலமாக இருக்கலாம். இன்னும் முந்தியும் இருக்கலாம்: 3ஆம் நூற்றாண்டிலேயே ஹேட்ரியன் சுவரில் வட ஆபிரிக்க மூர் படைப்பிரிவு ஒன்று காவல் நின்றது. ஆங்கிலேயருடைய மொழிக்கு முன்னோடியானதைப் பேசியவர்கள் பெருமளவில் வந்து குடியேறியதே அதற்குப் பிறகுதான்!

“ஒரு குடும்பத்தை வைச்சு நாட்டைப் பற்றிக் கதைக்கேலாது” எண்டு சிலர் சொல்லுவினம். சரி, மிச்சம் 11 பேரைப் பாருங்கள். அதே பெயர், வேறு நிறமூர்த்தம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் தனித்தனியே தோன்றியிருக்கலாம். பிள்ளை தாயின் பெயரை எடுத்திருக்கலாம், தத்தெடுத்திருக்கலாம், சொத்துக்காக மனைவி வீட்டுப் பெயரை ஒருவர் ஏற்றிருக்கலாம். யாரும் வெளியில் சொல்லாத காரணமும் இருந்திருக்கலாம். அரச வம்சமே தப்பவில்லை. 2014இல் மூன்றாம் ரிச்சர்ட்டின் எலும்புகளை, ஆண்வழி உறவினர் என்று ஆவணங்கள் சொன்ன ஐந்து பேருடன் ஒப்பிட்டார்கள். ஒருவருடைய வை நிறமூர்த்தமும் பொருந்தவில்லை.

பொருந்தினாலும்தான் என்ன? பத்துத் தலைமுறை மேலே போனால் முன்னோருக்கு 1024 இடங்கள். குடும்பப்பெயர் அதில் ஒரே ஒருவரிடமிருந்து வருகிறது. மற்ற 1023 பேரும், அதில் பாதிக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோரும், கணக்கிலேயே இல்லை. (எங்கட ஆக்களின் தலைப்பெழுத்தும் தகப்பனிடமிருந்துதான். ஆனால் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறபடியால் அதை வைத்து யாரும் இரத்தம் அளக்க முடியாது. அதற்குத்தான் கல்யாண விளம்பரத்தில் சாதி போடுகிறோம்.)

இந்த மூடநம்பிக்கையில் காசு பார்க்கிற ஒரு வியாபாரமும் உண்டு. உங்கள் குடும்பப்பெயருக்குரிய ‘குலச்சின்னம்’ என்று சட்டம் போட்டு விற்கிறார்கள். இங்கிலாந்தின் மரபுப்படி குலச்சின்னம் வழங்கப்படுவது ஒரு நபருக்கும் அவரது நேரடி வாரிசுகளுக்கும். குடும்பப்பெயருக்கென்று ஒரு சின்னம் கிடையவே கிடையாது. அதை வழங்கும் லண்டன் ‘கொலேஜ் ஒஃப் ஆர்ம்ஸ்’ நிறுவனமே இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனாலும் அந்தச் சட்டங்கள் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.