எட்டு மாத நாயைத் தெருவில் விடலாமா?

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் காலை ஐந்தரை மணிக்கு ஆள் நடமாட்டம் குறைவு. மிளகும் சுக்கும் ஏலக்காயும் அடுக்கியிருந்த குடோன்கள் பலவும் இன்று கலைப்பொருள் கடைகளாகிவிட்டன. அவை திறப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. யூதர் ஜெபாலயத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டவரும் அதற்குப் பிறகுதான் வருவார்கள். அந்த வேளையில் தெரு முழுவதும் நாய்களுடையது!

தெருநாய் என்றால் தெருவிலேயே பிறந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. கழுத்தில் மயிர் தேய்ந்து பட்டையின் தடம் தெரியும் நாய் எந்த ஊரிலும் கண்ணில் படும். ஒரு காலத்தில் யாரோ அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். தம் சோற்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். பிறகு ஏன் கைவிட்டார்? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சொல் பேச்சுக் கேட்கவில்லை."

கொச்சியில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் அக்கறை வேண்டும். வெலிங்டன் தீவை ஒட்டிய வாத்துருத்தியிலும், போர்ட் கொச்சி டோபிகானாப் பக்கத்திலும், மட்டாஞ்சேரி சந்துகளில் உள்ள வாடகை அறைகளிலும் தமிழ்க் குடும்பங்களும் தனி ஆட்களும் இருக்கிறார்கள். பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகிறவர், திரும்பும்போது ஒரு குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டு வருவது உண்டு. தென்மாவட்டத்துக்காரர் என்றால் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று ஆசை வரும். ஊர் நாய் ஒன்று பக்கத்தில் இருந்தால் ஊரே பக்கத்தில் இருப்பது போல. அந்த ஆசையில் தவறு இல்லை.

முதல் நான்கைந்து மாதம் எல்லாம் நன்றாகத்தான் போகும். கூப்பிட்டால் ஓடி வரும். 'உட்கார்' என்றால் உட்காரும். அறையில் இருக்கும் ஆறு பேரும் கொஞ்சுவார்கள். பக்கத்து மலையாளிக் குழந்தைகளும் வந்து விளையாடும்.

ஆறாம் மாதம் தாண்டியதும் கதை மாறும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப் பக்கம் போகும். ஓனர் செருப்பில் ஒன்று போய்விடும். கயிற்றை இழுக்கும். சைக்கிளைத் துரத்தும். சுற்றுலாப் பயணியின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைக்கும். கடைக்காரர் சத்தம் போடுவார். வீட்டுக்காரர், "நாயா, நீங்களா, யார் இருக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்" என்பார். ஒரு நாள் இரவு சாக்கில் கட்டிக் கொண்டுபோய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மீன் தலையாவது கிடைக்கும் என்று ஒரு சமாதானம்!

நாய் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அதற்கு வயது வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பையன் அப்பா பேச்சைக் கேட்காமல் அடுத்த வீட்டு மாமா சொன்னால் உடனே கடைக்குப் போய் வருவான். நாயும் அப்படித்தான் என்று பிரிட்டனில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2020ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்படும் இன நாய்கள் 69ஐ 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் சோதித்தார்கள். சோதனை மிகவும் சாதாரணமானது. 'உட்கார்' என்று சொல்வது, அது உட்காருகிறதா என்று பார்ப்பது. 8 மாத வயதில், வளர்த்தவர் சொன்னால் உட்காராமல் நிற்பது அதிகமாகியிருந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஆள் சொன்னபோது அவை முன்னைவிட நன்றாகவே கேட்டன!

அதாவது, நாய் பாடத்தை மறக்கவில்லை. காதும் கெட்டுப்போகவில்லை. யாரிடம் ஒட்டுதல் அதிகமோ அவரிடம்தான் முரண்டு பிடிக்கிறது. அதே குழு 285 நாய்களை வளர்த்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தும் விசாரித்தது. 5 மாதத்திலும் 12 மாதத்திலும் சொன்னபடி நடப்பதாகச் சொல்லப்பட்ட நாய்கள், இடையில் 8 மாதத்தில்தான் மோசம் என்று பதில் வந்தது. ஒரு வயதை எட்டும்போது பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. பெரிய இன நாய்களுக்கு இன்னும் சில மாதம் கூடலாம். பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் அவ்வளவுதான். அந்தக் காலத்தில்தான் பலர் நாயைக் கைகழுவிவிடுகிறார்கள்.

'அடியாத மாடு படியாது' என்று சிலர் கம்பை எடுக்கிறார்கள். மாட்டுக்கே அது சரியா என்பது வேறு விஷயம். நாய்க்குச் சரியில்லை. போர்ச்சுகல் நாட்டில் போர்ட்டோ நகரில் நாய்ப் பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்து, 2020 டிசம்பரில் வெளிவந்தது. தண்டனையை அதிகம் நம்பிய பள்ளிகளின் நாய்களிடம் பயத்தின் அடையாளங்களும், மனக் கலவரத்தில் உடம்பில் ஊறும் கார்டிசால் என்ற பொருளும் கூடுதலாக இருந்தன. வாடகை அறைகளில் நடப்பதை வைத்தே இதைச் சொல்லலாம். நாய் ஓடிவிடுகிறது. கால் மணி நேரம் கத்திக் கூப்பிடுகிறார்கள். கடைசியில் வருகிறது. வந்தவுடன் விழுகிறது அடி! எதற்கு அடித்தார்கள் என்று நாய் நினைக்கும்? ஓடியதற்கு என்று அதற்குத் தெரியாது. 'வா' என்றால் அடி என்றுதான் அது படித்துக்கொள்ளும். மறுநாள் அது எப்படி வரும்?

எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், வந்த நாயைத் தட்டிக் கொடுக்க வேண்டும். கோபம் இருந்தால் சுவரோடு காட்டலாம்.

ஜூ டவுனுக்கே உரிய ஒரு சங்கடம் இன்னொன்று இருக்கிறது. அது பாஷை! வளர்ப்பவர் 'உட்கார்' என்கிறார். டீக்கடை சேட்டன் 'இரி' என்கிறார். கலைப்பொருள் கடையில் இருக்கும் காஷ்மீர்க்காரர் 'பைட்டோ' என்கிறார். கேமராவோடு வரும் வெள்ளைக்காரர் 'சிட்' என்கிறார். நாலு பேர் நாலு சொல் சொன்னால் நாய் என்ன செய்யும்? போதாததற்கு அறைக்குள்ளேயே ஒருவர் 'உட்காரு', மற்றவர் 'குந்து', இன்னொருவர் 'உக்காருடா எருமை' என்கிறார். கேட்காமல் இருப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

அறையில் இருப்பவர்கள் ஓர் இரவு உட்கார்ந்து பேசி நாலே நாலு சொல்லை முடிவு செய்துகொள்ள வேண்டும். வா, உட்கார், நில், விடு. இவை போதும். தமிழா, மலையாளமா என்பது முக்கியமில்லை. எல்லோரும் ஒரே சொல்லை, ஒரே முறை சொல்ல வேண்டும். பத்துத் தடவை 'வா வா வா' என்றால் பத்தாவது 'வா' வரை காத்திருக்கலாம் என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

"பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வருகிறவனுக்கு நாய்க்குப் பாடம் நடத்த ஏது நேரம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம். காலையில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை. பசியோடு இருக்கும் நாய் நன்றாகக் கேட்கும். சொன்னதைச் செய்தவுடன் விரல் நகம் அளவுக்கு ஏதாவது வாயில் போட வேண்டும். கொச்சியில் மத்தி மீனுக்குப் பஞ்சமா? வேகவைத்து முள் எடுத்த மீன் துண்டு போதும். புரோட்டாவும் சால்னாவும் மிஞ்சியதைப் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

இந்த வயதில் கயிறு இல்லாமல் தெருவில் விடுவது கூடவே கூடாது. ஐந்தாம் மாதத்தில் கூப்பிட்டால் வந்தது என்ற நம்பிக்கையில் அவிழ்த்துவிட்டு, எட்டாம் மாதத்தில் ஆட்டோவுக்கு அடியில் பார்க்கிறவர்கள் உண்டு. அதற்காக நாள் முழுவதும் இரண்டு அடிச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் கொடுமை. சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனம். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. பத்துக்குப் பத்து அறையில் அடைத்துவிட்டு, செருப்பைக் கடிக்கிறது என்று குற்றம் சொல்ல முடியுமா? கடைகள் திறப்பதற்கு முன் நீளக் கயிற்றோடு ஒரு மணி நேரம் நடத்திவிட்டு வந்தால் பாதி முரண்டு அங்கேயே தீர்ந்துவிடும்.

ராஜபாளையம் வளர்க்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பால் வெள்ளை நிறமும் ரோஸ் மூக்கும்தான் அந்த இனத்தின் அழகு. 2005இல் தபால் தலையிலும் இடம்பெற்ற நாய் அது. ஆனால் அந்த வெள்ளைக் குட்டிகளில் சில பிறவியிலேயே காது கேளாதவை. சொல் பேச்சுக் கேட்கவில்லை என்று அடி வாங்குவது அப்படிப்பட்ட ஜீவனாக இருந்தால்? தூங்கும்போது பின்னால் நின்று, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் கை தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் மிருக ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துச் சொல்வார். காது கேளாத நாய்க்குக் கை ஜாடையிலேயே எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம்.

டாக்டரிடம் போகும்போது கருத்தடை பற்றியும் கேட்டுவிட வேண்டும். ஆண் நாய் இந்த வயதில் அறையில் தங்காமல் அலைவதற்குப் பெண் நாயின் வாசனையே பெரிய காரணம். எந்த மாதத்தில் செய்யலாம் என்பது இனத்துக்கு இனம் மாறும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் முதல் ஊசி. அதன்பின் டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது. பிறகு வருடா வருடம். வீட்டு நாய்தானே என்று அதன் பல் பட்ட காயத்தை அலட்சியமாக விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்த பின் மருந்து இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாட விட்டுப் போவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! இரண்டு பேர் டீயும் வடையும் சாப்பிடும் காசு. பல வருடத்துக்கு முன் எழுதிய தொகை அது. ஆனால் தன் வசம் உள்ள பிராணியால் மனிதருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கேரளத்தில் நாய் விஷயம் சாதாரணமானதல்ல. 2021 ஜூனில் திருவனந்தபுரம் அருகே அடிமலத்துறைக் கடற்கரையில் புருனோ என்ற வளர்ப்பு நாயை அடித்துக் கொன்றார்கள். கேரள உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, அந்த வழக்குக்கு நாயின் பெயரையே வைத்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு உள்ளாட்சியில் உரிமம் பெற வேண்டும் என்றும் அதில் உத்தரவிட்டது. வெளிமாநிலத்துக்காரர் கையில் அந்த உரிமச் சீட்டும் ஊசி போட்ட சீட்டும் இருப்பது நல்லது. தெருவில் ஒரு குழந்தையை நாய் கடித்தால், 'தமிழன் விட்டுப்போன நாய்' என்று பேச்சு வர எவ்வளவு நேரம் ஆகும்?

விட்டுவிட்டால் நாய்க்கும் நல்ல கதி இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களிலிருந்து தெருநாய்களைப் பிடித்து அகற்ற வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7ஆம் தேதி உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. கையால் ஊட்டி வளர்த்த நாய் மற்ற நாய்களோடு சண்டை போட்டு உணவு தேடத் தெரியாமல் திண்டாடும்.

இதையெல்லாம் செய்ய முடியாது என்பவர் குட்டியைக் கொண்டு வராமல் இருப்பதே மேல். அறையில் மற்ற ஐந்து பேரின் சம்மதமும் வீட்டுக்காரரின் சம்மதமும் இல்லாமல் கூடையைத் தூக்கக் கூடாது. கொண்டு வந்தாகிவிட்டது, இனி முடியவே முடியாது என்றால், வளர்க்கத் தெரிந்த கைக்கு மாற்றலாம். அல்லது ஊருக்கே திருப்பி அனுப்பலாம். தோட்டமும் வயலும் உள்ள வீட்டில் அது சந்தோஷமாக இருக்கும்.

ரயிலில் வளர்ந்த நாயை ஸ்லீப்பர் பெட்டியிலோ மூன்றடுக்கு ஏசியிலோ ஏற்ற முடியாது. பார்சல் ஆபீசில் முன்கூட்டியே போய் புக் செய்து, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில்தான் அனுப்ப வேண்டும். எல்லா வண்டியிலும் கூண்டு இருக்காது. எந்த வண்டியில் இடம் உண்டு என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. கழுத்துப் பட்டையும் சங்கிலியும் கட்டாயம். ஊசி போட்ட சீட்டைக் கேட்பார்கள். வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பது கூடப் போகிறவரின் பொறுப்பு. வண்டி நிற்கும் பெரிய ஸ்டேஷன்களில் இறங்கிப் போய், பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்துவிட்டு வரலாம்.