தீக்குளிக்க வேண்டியவர் யார்?

பக்திப் படங்களுள் நம்மவரைப் பெரிதும் உருக்கியது நந்தனார் கதை. 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் ஜெமினி படத்தில் தண்டபாணி தேசிகரும் அவ்வேடம் பூண்டனர்.

பண்ணையாளான நந்தனார் சிதம்பரம் செல்ல அனுமதி கேட்கிறார். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார் வேதியர். ஓரிரவில் கதிர் முற்றிவிடுகிறது, கடவுளின் அற்புதமாம்! அற்புதம் வந்து வழக்கைத் தீர்த்துவிட்டால், பண்ணையாரைக் கேள்வி கேட்பவர் யார்?

பெரிய புராணத்தில் இல்லாத இவ்வேதியரைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். பண்ணைக் கொடுமையை அவர் கண்டார். தீர்வை வானத்திடம் ஒப்படைத்தார். திரைப்படமும் அவ்வழியே சென்றது. இறுதியில் நந்தனார் தீயில் மூழ்கித் 'தூயவர்' ஆகிறார். கோயில் விதியோ மாறவில்லை.

இலங்கையில் 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஆயினும் 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் தடுக்கப்பட்டனர். அங்கே அற்புதம் நிகழவில்லை, மக்களே போராடினர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படமாளிகை இருளில் நந்தனாருக்காகக் கண்ணீர் சொரிவது எளிது. வெளிச்சத்தில், அவ்வாயிலில், நாம் எப்பக்கம் நிற்கிறோம்? தூய்மை வேண்டியது வெளியே நின்றவருக்கன்று, கதவை அடைத்தவருக்கே. இதைச் சொல்லாத பக்திப் படம் எத்துணை இனிமையாகப் பாடினாலும், அடைத்த கதவுக்குக் காவல் நிற்பதேயாகும்.