மாட்டின் பல்லைப் பாருங்கள்!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாட்டு விஷயத்தில் அது நியாயமான பேச்சுதான். கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாது. பால் குறைந்தால்தான் என்ன, சாணமாவது மிஞ்சும் அல்லவா? ஆனால் இந்தப் பழமொழியை நாம் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டு வந்துவிட்டோம். அங்கேதான் வந்தது வினை! கம்ப்யூட்டரில் இனாமாக வரும் மாட்டை வாசலிலேயே நிறுத்தி, வாயைத் திறந்து, பல்லை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகே தொழுவத்தில் கட்ட வேண்டும்.

என்ன சங்கதி என்கிறீர்களா? 'ஆட்வேர்' என்று சொல்லப்படும் விளம்பரப் புரோகிராம்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறேன்.

இவை வந்து குடியேறிய கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலையில் திறந்தால் நேற்றுவரை இருந்த முகப்புப் பக்கம் இராது. பெயரே கேள்விப்படாத ஒரு தேடும் தளம் சிரித்துக்கொண்டு நிற்கும். சமையல் குறிப்பைத் தேடினால் செருப்புக் கடை வரும். பத்திரிகைச் செய்தியைப் படித்துக்கொண்டே இருக்கும்போது, அந்தப் பத்திரிகைக்குச் சம்பந்தமே இல்லாத விளம்பரங்கள் வரிகளுக்கு நடுவே முளைக்கும். மூடினால் இன்னொன்று திறக்கும். இதற்குள் இயந்திரம் கட்டை வண்டி வேகத்துக்கு வந்திருக்கும்.

இதனால் யாருக்கு என்ன லாபம்? லாபம் இல்லாமல் யார் இவ்வளவு சிரமப்படுவார்கள்! நீங்கள் விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு சில்லறை. தொட்டால் இன்னும் கொஞ்சம். உங்கள் தேடலைத் தன் வழியாகத் திருப்பிவிட்டால் அதற்கு ஒரு தரகு. உங்கள் கம்ப்யூட்டரில் இதைக் குடியேற்றி வைக்கிறவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலியும் உண்டு. ஒருவரிடம் காலணா சம்பாதித்தாலும் கோடிப் பேரிடம் சம்பாதித்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கூகிள் கம்பெனியார் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து 2015-ல் ஒரு கணக்கு எடுத்தார்கள். தங்கள் தளங்களுக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல், பிறர் பக்கங்களில் விளம்பரம் புகுத்தும் புரோகிராம்களைச் சுமந்துகொண்டிருப்பதாக அதில் தெரிந்தது.

சரி, இது எப்படி உள்ளே வருகிறது? ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குகிறதா? பூட்டை உடைக்கிறதா? அதுதான் இல்லை. பெரும்பாலும் நாமே கதவைத் திறந்து, 'வாருங்கள், வாருங்கள்' என்று பாய் விரித்துப் போடுகிறோம்!

நமக்கு ஏதோ ஒரு சின்னப் புரோகிராம் வேண்டியிருக்கிறது. தேடுகிறோம், இனாமாகக் கிடைக்கிறது. அதை நிறுவும்போது 'நெக்ஸ்ட்' 'நெக்ஸ்ட்' என்று கேட்டுக்கொண்டே வரும். நாமும் கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குகிற அவசரத்தோடு ஒன்றையும் படிக்காமல் தட்டிக்கொண்டே போகிறோம். நடுவில் ஒரு பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'இன்ன டூல்பாரையும் நிறுவிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்துக் கட்டத்தில் நமக்காக அவர்களே டிக் குறியும் போட்டு வைத்திருப்பார்கள். அவ்வளவுதான், மாப்பிள்ளையோடு தோழன் வருவதுபோல, ஒன்றோடு மூன்று உள்ளே வந்துவிடும்.

இதெல்லாம் ஊர் பேர் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று எண்ணிவிடாதீர்கள். உலகமெல்லாம் உபயோகித்த 'ஜாவா'வை நிறுவும்போது பல வருஷங்கள் 'ஆஸ்க்' என்ற டூல்பாரும் கூடவே வந்து நின்றது. 2011 டிசம்பரில், பிரபலமான 'டவுன்லோட்.காம்' தளம் 'என்மேப்' என்ற நல்ல புரோகிராமைத் தன் சொந்த உறைக்குள் போட்டு டூல்பாரோடு கொடுக்கிறது என்று, அதை எழுதியவரே பகிரங்கமாகச் சண்டைக்கு நின்றார். 2015-ல் 'சோர்ஸ்ஃபோர்ஜ்' என்ற தளம், படம் திருத்தும் 'ஜிம்ப்' புரோகிராமின் விண்டோஸ் பிரதிக்கு இப்படியே உறை போட்டு மாட்டிக்கொண்டது. அடுத்த வருஷம் அந்தத் தளம் கை மாறியது. புதிய சொந்தக்காரர்கள் அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார்கள். கடை பெரியது என்பதால் எடை சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது போலும்!

'விளம்பரம்தானே! பார்த்துவிட்டுப் போகிறோம்' என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காக, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா ஆபீஸில் வேலை. மகன் பிளஸ் டூ. வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர், கூடத்தில். ஒரு நாள் மாலை பாட்டி விளக்கேற்ற வந்தாள். கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அரைகுறை உடையில் ஒரு பெண் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி 'சிவ சிவா!' என்றாள். அப்பா ஓடி வந்தார். ஒன்றை மூடினால் இரண்டு வந்தன. அந்த வீட்டில் அந்தக் குற்றத்தைச் செய்யக்கூடியவன் யார்? பதினேழு வயதுப் பையனைத் தவிர வேறு யார் அகப்படுவார்கள்?

"நான் ஒன்றும் பார்க்கவில்லை, அப்பா!" என்றான் பையன்.

"நீ பார்க்காமல் பின்னே பாட்டியா பார்த்தாள்?" என்றார் அப்பா.

கம்ப்யூட்டர் பீரோவுக்குள் போயிற்று. அப்பாவும் பிள்ளையும் பத்து நாட்கள் பேசிக்கொள்ளவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டு அலுத்துப்போய், தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம்.

தம்பி வந்தான். நிறுவப்பட்ட புரோகிராம்களின் ஜாபிதாவைத் தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தான்.

"அத்தான், பன்னிரண்டாம் தேதி இதில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? ஒரே நாளில் நாலு புரோகிராம் ஏறியிருக்கிறதே!"

அத்தான் யோசித்தார். பன்னிரண்டாம் தேதிதான் வீட்டு வரி சம்பந்தமான காகிதம் ஒன்றை பி.டி.எஃப்.பிலிருந்து வேர்டுக்கு மாற்ற வேண்டும் என்று இனாமாக ஒரு சாதனத்தை இறக்கியிருந்தார். பையன் அன்று டியூஷனுக்குப் போயிருந்தான். அத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

'தவறு என்னுடையதுதான்' என்று பிள்ளைகளிடம் சொல்வது நம் ஊர் அப்பாக்களின் வழக்கமில்லை அல்லவா? இவரும் சொல்லவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் மறுபடி கூடத்துக்கு வந்தது. அன்று மாலை பையனுக்குப் பிடித்த ரவா தோசையும் ஹோட்டலிலிருந்து வந்தது. பையன் சாப்பிட்டான். பத்து நாள் திருட்டுப் பட்டம் சுமந்த மனம் ஒரு தோசையில் ஆறிவிடுமா என்பது வேறு விஷயம்.

இது ஒரு வீட்டோடு போன கஷ்டம். இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து சில மாதங்கள், லெனோவா கம்பெனி விற்ற சில லாப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பரப் புரோகிராம் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. வாங்கியவர்கள் எந்தப் பொத்தானையும் தட்டவில்லை. பெட்டியைப் பிரித்தபோதே உள்ளே இருந்தது! பாங்கித் தளங்களில் பூட்டுப் படம் ஒன்று தெரியுமே, அந்தப் பூட்டுப் போட்ட பக்கங்களிலும் விளம்பரம் செருக வேண்டும் என்பதற்காக அது தனக்கென்று ஒரு கள்ளச் சாவி செய்து வைத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், எல்லா லாப்டாப்களுக்கும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் இது வெளியானபோது, ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு நிபுணர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சுமார் மூன்று மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நல்லவர் கண்டுபிடித்ததைக் கள்ளனும் கண்டுபிடிக்கலாம். அவன் அதே வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்கும் பாங்கிக்கும் நடுவே புகுந்து எல்லாவற்றையும் படிக்கலாம். அமெரிக்க மத்திய சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் இதில் தலையிட்டது. 2017-ல் அங்குள்ள 32 ராஜ்யங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து லெனோவா வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அந்த 2017-லேயே 'ஃபயர்பால்' என்ற இன்னொரு விளம்பரப் புரோகிராமைப் பற்றிச் செக் பாயிண்ட் கம்பெனி எச்சரித்தது. உலகத்தில் 25 கோடி கம்ப்யூட்டர்கள், அவற்றில் முதலிடத்தில் இந்தியா, இரண்டரைக் கோடி என்றது. மைக்ரோசாப்ட் கம்பெனியார் இந்த எண்ணிக்கை மிகை என்று மறுத்தார்கள். தொகை எதுவானாலும், இனாம் என்றால் முந்திக்கொண்டு கை நீட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம் என்பதை யாரும் மறுக்கவில்லை!

இனி, வந்துவிட்டதை விரட்டும் வழி. விண்டோஸ் கம்ப்யூட்டரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், பதறாதீர்கள். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! உடனே இந்த நம்பருக்குப் போன் செய்க!' என்று திரை அலறினால் போன் செய்யவே வேண்டாம். அப்படி அலறுவதும் ஒரு மோசடி விளம்பரமே.

இரண்டாவது, 'செட்டிங்ஸ்' திறந்து 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், நிறுவிய புரோகிராம்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் வந்த அந்நியர்களை நீக்குங்கள். பழைய பேர்வழிகளில் பெயர் புரியாதவை இருந்தால் விசாரித்துவிட்டுத் தொடுங்கள். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டியவையும் அங்கே உண்டு. நீக்கும்போதும் படித்துத் தட்டுங்கள். போகிற போக்கில், 'இருந்துவிட்டுப் போகட்டுமா?' என்று குழப்பமாகக் கேட்கிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பிரவுசர். 'எக்ஸ்டென்ஷன்' பட்டியலில் நீங்கள் வேண்டிச் சேர்க்காததை எடுத்துவிடுங்கள். பிறகு பிரவுசர் அமைப்புகளை 'ரீசெட்' செய்யுங்கள். முகப்புப் பக்கமும் தேடும் தளமும் பழையபடி ஆகும். குரோமில் இப்படிச் செய்வதால் குறித்து வைத்த பக்கங்களும் சேமித்த கடவுச்சொற்களும் போய்விடா.

நான்காவது, பலர் கவனிக்காதது. சில தளங்கள் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்கும். நாமும் 'அலவ்' என்று தட்டியிருப்போம். திரையின் ஓரத்தில் ஓயாமல் எட்டிப் பார்க்கும் விளம்பரங்களில் பல இந்த வழியாக வருபவை. பிரவுசர் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்த அனுமதிகளை ரத்து செய்தால் போதும்.

ஐந்தாவது, விண்டோஸோடு வரும் 'டிஃபெண்டர்' கொண்டு முழுப் பரிசோதனை செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் 'ஆட்வ்கிளீனர்' இனாமாகவே கிடைக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். துடைப்பத்தோடு குப்பை வந்து சேரக் கூடாது! எல்லாம் முடிந்து சுத்தமானபின் பாங்கி, ஈமெயில் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள்.

மறுபடி வராமல் இருக்க என்ன செய்யலாம்? எந்தப் புரோகிராமையும் அதைச் செய்தவரின் வீட்டு வாசலிலேயே வாங்குங்கள். தேடும்போது முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். தள விலாசத்தை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். நிறுவும்போது 'கஸ்டம்' அல்லது 'அட்வான்ஸ்டு' வழியைத் தேர்ந்தெடுத்து, வேண்டாத டிக் குறிகளை அழியுங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில், 'ஆப் அண்டு பிரவுசர் கன்ட்ரோல்' என்ற பகுதிக்குள், தேவையற்ற புரோகிராம்களைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது விழித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் நிர்வாகி அதிகாரம் கொடுக்காமல் சாதாரணக் கணக்குக் கொடுங்கள். அப்பாவுக்கும் அப்படியே!

எல்லாவற்றுக்கும் முன்னால், வேண்டியது கையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வரிக் காகிதத்துக்காக அந்த அத்தான் ஊரெல்லாம் தேடினாரே, 2013-க்குப் பின் வந்த வேர்டு எதுவுமே பி.டி.எஃப்.பைத் தானாகத் திறந்து மாற்றிக் கொடுக்கும். பி.டி.எஃப். ஆக்குவதற்கோ விண்டோஸின் அச்சடிக்கும் இடத்திலேயே வழி இருக்கிறது.

இதனால், இனாமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வி.எல்.சி., லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் போன்றவற்றை அவரவர் தளத்தில் வாங்கினால், நம்மிடம் காசும் கேளாமல், விளம்பரமும் காட்டாமல் உழைக்கின்றன. பல்லைப் பார்ப்பது மாட்டைத் திருப்பி அனுப்புவதற்காக அல்ல; நல்ல மாட்டை அடையாளம் கண்டுகொள்வதற்காகத்தான். அதற்கு ஆகிற செலவு அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய், வீட்டுப் பிள்ளையின் மேல் பழி போடும்படி ஆக வேண்டாமே!