முதல் ஏர் பிஸ்டல்... லட்ச ரூபாயை எடுத்து வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஜூலை 28 அன்று, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார். இரண்டே நாளில் சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலம். டி.வி-யில் அதைப் பார்த்த பல வீடுகளில் பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்றுதான்... "எனக்கும் ஒரு பிஸ்டல் வாங்கித் தர்றீங்களா?"

கேள்வி சின்னது. ஆனால், போட்டித் தரத்திலான வெளிநாட்டு ஏர் பிஸ்டலின் விலை லட்ச ரூபாயைத் தாண்டும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது ஒரு வருட கல்லூரிக் கட்டணம். ஆர்வத்தில் வாங்கி, ஆறே மாதத்தில் பரணில் ஏற்றினால் பணமும் போச்சு, பிள்ளையின் ஆசையும் போச்சு. அதனால், கடைக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கிளப், அப்புறம்தான் கடை!

புதிதாக வருபவர் முதல் நாளே பிஸ்டல் வாங்கத் தேவையில்லை. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் இருக்கின்றன. பயிற்சிக்கென கிளப் பிஸ்டல் கிடைக்கும் இடங்களில், முதல் மூன்று மாதம் அதிலேயே பழகலாம்.

இந்த விளையாட்டு வெளியில் தெரிவதைவிடப் பொறுமையைக் கேட்பது. தகுதிச்சுற்றில் 75 நிமிடத்துக்குள் 60 குண்டுகள் சுட வேண்டும். ஏறத்தாழ ஒரு கிலோ எடையை ஒரே கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிப் பிடிக்க வேண்டும். இலக்கில் 10 மதிப்பெண் தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு சட்டை பட்டன் அளவு! மூன்று மாதம் போன பிறகும் பிள்ளை தானாகவே பயிற்சிக்குக் கிளம்பினால், அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

லைசென்ஸ் வேண்டுமா?

வீட்டில் பெரியவர்கள் முதலில் பயப்படுவது இதற்குத்தான். ஒலிம்பிக்கில் பயன்படும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் குழாய் விட்டம் 4.5 மில்லிமீட்டர். அதாவது .177. வெடிமருந்து கிடையாது, அழுத்தப்பட்ட காற்றுதான் ஈயக்குண்டைத் தள்ளுகிறது. 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, இந்த அளவுக்குள் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி பிஸ்டல்களின் ஆற்றல் இதில் பாதிகூட வராது.

அதற்காக யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிவிடக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து, பில்லுடன் வாங்குவதே பாதுகாப்பு. 25 மீட்டர் பிரிவில் பயன்படும் .22 பிஸ்டல் வேறு கதை. அது நிஜத் தோட்டா போடும் துப்பாக்கி, ஆயுத லைசென்ஸ் கட்டாயம். முதல் பிஸ்டலாக அதை நினைக்கவே வேண்டாம்.

பிராண்டைவிட கிரிப் முக்கியம்

வால்தர், ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், பார்டினி... உலகப் போட்டிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் பெயர்கள் இவை. புதியவரின் கைக்கு இவற்றின் துல்லியத்தில் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை. தெரியப்போவது கிரிப்தான்.

மரத்தாலான கைப்பிடி ஸ்மால், மீடியம், லார்ஜ் என அளவு வாரியாக வரும். வலது கைக்குத் தனி, இடது கைக்குத் தனி. பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முன் சைட்டும் பின் சைட்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் கிரிப் கைக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அது எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டலாக இருந்தாலும் அந்தக் கைக்கு உகந்தது அல்ல.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எடையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விதிப்படி 1,500 கிராம் வரை இருக்கலாம். ஆனால், சின்னத் தோள்பட்டைக்கு அது பாரம். குழாய் நீளம் குறைந்த, எடை குறைந்த மாடல்களும் வருகின்றன. கிரிப்பை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் கேட்டுவிட வேண்டும். வளரும் பிள்ளையின் கை இரண்டு வருடத்தில் பெரிதாகிவிடும்.

ட்ரிக்கர்: மெக்கானிக்கலா, எலெக்ட்ரானிக்கா?

போட்டி விதிப்படி ட்ரிக்கரை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவைப்பட வேண்டும். எலெக்ட்ரானிக் ட்ரிக்கர் மென்மையாக, ஒரே சீராக இயங்கும். மெக்கானிக்கல் ட்ரிக்கருக்கு பேட்டரி கவலை இல்லை, விலையும் பெரும்பாலும் குறைவு. புதியவருக்கு இரண்டுமே போதும். ரிப்பேர் செய்ய அருகில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நடந்தது எல்லோருக்கும் பாடம். தகுதிச்சுற்றின் நடுவில் பிஸ்டலில் கோளாறு. சரிசெய்வதற்குள் பொன்னான நிமிடங்கள் கரைந்தன. 575 புள்ளிகளுடன் 12-வது இடம் பிடித்து, இரண்டே புள்ளிகளில் இறுதிப்போட்டியைத் தவறவிட்டார். உலகத்தரமான கருவியும் ஒருநாள் மக்கர் செய்யும். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காத பிஸ்டல் எவ்வளவு மலிவாக வந்தாலும் அதிக விலைதான்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. விளையாட்டை விட்டவர்கள், அடுத்த மாடலுக்குப் போனவர்கள் கிளப்பிலேயே விற்பார்கள். ஆனால், மூன்று விஷயங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

முதலாவது, காற்று சிலிண்டர். இப்போதைய பிஸ்டல்களில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்படுகிறது. சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் சொன்ன ஆயுள் முடிந்த சிலிண்டர் ஆபத்து. புதிதாக வாங்கும் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இரண்டாவது, கசிவு. மாலையில் பிரஷர் மீட்டரில் இருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையில் மீண்டும் பார்க்க வேண்டும். முள் நன்றாக இறங்கியிருந்தால் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, பழைய பில். அது இல்லாத பிஸ்டலை வாங்காமல் இருப்பதே நல்லது.

பட்ஜெட்டில் மறந்துபோகும் செலவுகள்

பிஸ்டலோடு செலவு முடிவதில்லை. தட்டை முனை கொண்ட ஈயக்குண்டுகள், காற்று நிரப்பும் பம்ப் அல்லது பெரிய சிலிண்டர், பெட்டி, கிளப் கட்டணம், கோச் கட்டணம் எல்லாம் வரும். காற்றை கிளப்பிலேயே நிரப்பிக்கொள்ள முடிந்தால் அந்தச் செலவு மிச்சம். சிலிண்டரில் சுத்தமான, உலர்ந்த காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். ஆக்சிஜனை நிரப்பினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

விலை உயர்ந்த கண்ணாடி, பிரத்யேக ஷூவெல்லாம் உடனே வேண்டாம். பாரிஸில் 51 வயது துருக்கி வீரர் யூசுஃப் டிகெச், வழக்கமான கண்ணாடியோடு, ஒரு கையை பாக்கெட்டில் விட்டபடி சுட்டு கலப்பு அணியில் வெள்ளி வென்றதை உலகமே பார்த்தது. 40 வயதைக் கடந்து இந்த விளையாட்டுக்கு வருபவர்கள் கண் பரிசோதனை மட்டும் செய்துகொள்வது நல்லது. முன் சைட் தெளிவாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு...

லைசென்ஸ் தேவையில்லை என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. அருகிலிருந்து பட்டால் ஈயக்குண்டு கண்ணைப் பறித்துவிடும். பிஸ்டல் பூட்டிய பெட்டியில், குண்டு டப்பா வேறு இடத்தில், சாவி பெரியவரிடம். குழாயில் எப்போதும் ஆரஞ்சு நிற சேஃப்டி ஃபிளாக். காலியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாலும் யாரையும் நோக்கி நீட்டக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வெளியே எடுப்பதும், ரீல்ஸ் எடுப்பதும் கூடவே கூடாது. குண்டைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு.

குண்டு போடாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகும் 'டிரை ஃபயர்' வசதி பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில் உண்டு. வெற்றுச் சுவரைப் பார்த்து தினமும் 20 நிமிடம் இப்படிப் பழகினால் கை நிலைக்கும். அதற்குச் செலவும் இல்லை.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் பிஸ்டலில் போடாமல், ஒரு பங்கை கோச்சுக்கும் குண்டுக்கும் ஒதுக்கி வைக்கும் குடும்பங்களில்தான் பிள்ளைகள் இரண்டாவது வருடமும் ரேஞ்சுக்குப் போகிறார்கள்.